கல்லூரிக்குள் இருக்கும் உதவிகள்: யாரிடம், எப்போது கேட்பது

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. ஃப்ரீமான்டில் ஓலோனி, கூப்பர்டினோவில் டி ஆன்சா, சான்டா கிளாராவில் மிஷன், சான் டியேகோவில் மிராமார் என்று தமிழர்கள் அதிகம் குடியிருக்கும் ஊர்களுக்குப் பக்கத்தில் ஒன்றாவது இருக்கும். போன அத்தியாயத்தில் இவற்றில் சேருவது எப்படி என்று பார்த்தோம். சேர்ந்தவர்கள் எங்கே திணறுகிறார்கள், அப்போது தாங்கிப் பிடிக்கக் கல்லூரியே என்னென்ன வைத்திருக்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். ஹைஸ்கூலில் பிள்ளை ஒரு வகுப்புக்குப் போகாவிட்டாலே வீட்டுக்கு போன் வந்துவிடும். கம்யூனிட்டி காலேஜில் மாதக்கணக்கில் போகாவிட்டாலும் பெற்றோருக்குத் தகவல் வராது. உதவ ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கென்று அரசுப் பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கேட்டவருக்குத்தான் கிடைக்கும், சீக்கிரம் கேட்டவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். "யாரிடமும் போய் நிற்காதே" என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் நம்முடையவை. அந்த ரோஷத்தை இந்த ஓர் இடத்தில் விட்டுவிடுங்கள். மாணவர் கட்டும் கட்டணத்திலும் நீங்கள் கட்டும் வரியிலும் நடக்கும் சேவைகள் இவை. பயன்படுத்துவது உரிமை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மார்க், வருகை, கட்டணப் பாக்கி எல்லாம் மாணவரின் சொந்தத் தகவல் ஆகிவிடும். ஃபெர்ப்பா என்னும் கூட்டரசுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஹைஸ்கூலில் படித்துக்கொண்டே கல்லூரி வகுப்பு எடுக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் இதுதான். நீங்கள் போன் செய்து கேட்டால் அலுவலகத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பிள்ளை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், அல்லது இருவரும் சேர்ந்து போகலாம். கேள்வியைப் பிள்ளையே கேட்கப் பழகட்டும். இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் அவர் தனியாகத்தான் கேட்டாக வேண்டும்.

தேதிகள்

பின்னால் சொல்லப்போகும் உதவிகளில் பாதி, நேரம் தவறினால் பயனற்றுப் போகும். அதனால் இதை முதலில் வைக்கிறேன்.

ஒவ்வொரு வகுப்புக்கும் சென்சஸ் தேதி என்று ஒன்று உண்டு. பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு முடியும் வாக்கில் அது வரும். செமஸ்டர் முறைக் கல்லூரியில் ஏறக்குறைய மூன்றாவது வாரம். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் இரண்டாவது வாரம் முடிவதற்குள். அந்தக் கெடுவுக்குள் வகுப்பை டிராப் செய்தால் டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு செய்தால் 'டபிள்யூ' என்னும் விலகல் குறி விழும். பருவத்தின் முக்கால் பங்கு தாண்டிவிட்டால் அதுவும் முடியாது, என்ன கிரேடு வருகிறதோ அதுதான். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் சென்சஸுக்கும் முன்பே வந்துவிடும்.

'டபிள்யூ' மார்க் சராசரியைக் கெடுக்காது. ஆனால் ஒரே பாடத்தைப் பொதுவாக மூன்று முறைதான் முயல முடியும், அதில் ஒன்று கழிந்துவிடும். நிதி உதவி பெறுபவர் எடுத்த யூனிட்களில் மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்ற கணக்கிலும் அது பாதகமாக ஏறும். கடும் நோய், வீட்டில் மரணம், திடீர் வேலை இழப்பு போன்ற காரணம் இருந்தால் 'இடபிள்யூ' என்று தனியாக ஒன்று இருக்கிறது. காரணத்துக்கான சான்றுடன் மனுக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் அது முயற்சிக் கணக்கில் சேராது. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னைக்கு ஓடி, திரும்பி வந்து பார்க்கும்போது மூன்று 'எஃப்' விழுந்திருக்கிறது என்றால், மனம் உடைந்து உட்காராமல் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் இந்த மனுவைக் கேளுங்கள். விமான டிக்கெட், மருத்துவமனைச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்தியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

கவுன்சிலர்

கவுன்சிலர் என்றால் தப்பு செய்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் ஆள் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலரின் முதல் வேலை, எந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று உங்களோடு உட்கார்ந்து திட்டம் போடுவது. அந்தத் திட்டத்துக்கு எட் பிளான் என்று பெயர். அது கோப்பில் இருந்தால்தான் அடுத்த பருவப் பதிவில் முன்னுரிமை கிடைக்கும், நிதி உதவிக்கும் பல இடங்களில் கேட்பார்கள்.

சந்திப்பு அரைமணி நேரம் கிடைத்தால் அதிகம். வெறும் கையோடு போய் "நான் என்ன எடுக்கலாம்?" என்று கேட்டால் அந்த அரைமணி அறிமுகத்திலேயே போய்விடும். போவதற்கு முன் வீட்டில் அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தைத் திறந்து, உங்கள் கல்லூரியையும் போக நினைக்கும் யூசி அல்லது கால் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தையும் மேஜரையும் தேர்ந்தெடுங்கள். இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்கே எதற்கு ஈடாகும் என்று இடமும் வலமுமாகப் பட்டியல் வரும். இரண்டு மூன்று வளாகங்களுக்கு அச்செடுத்து, முடித்த பாடங்களைக் கோடிட்டு எடுத்துப் போங்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு டேவிஸும் இர்வைனும் போக நினைக்கிறேன். டேவிஸ் கேட்கும் இந்தக் கணிதப் பாடம் நம் கல்லூரியில் இலையுதிர் பருவத்தில் மட்டும்தான் நடக்கிறதா? இதையும் இயற்பியலையும் சேர்த்து எடுத்தால் தாங்குமா?" இப்படிக் கேட்பவருக்கு அந்தக் கவுன்சிலர் தெரிந்த நெளிவு சுளிவுகளையெல்லாம் சொல்வார். சொன்னதை எட் பிளானில் ஏற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். வாய்வார்த்தை பின்னால் நிற்காது.

பதிவு தொடங்கும் வாரத்தில் கவுன்சிலரைப் பிடிப்பது கஷ்டம். பருவத்தின் நடுவில், ஐந்தாவது ஆறாவது வாரத்தில், கூட்டம் இருக்காது. அப்போது போங்கள். ஒருவரிடம் பேசிச் சரிப்படவில்லை என்றால் அடுத்த முறை வேறொருவரிடம் நேரம் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம்

கலிஃபோர்னியாவாசி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவருக்கு ஒரு யூனிட் 46 டாலர், குவார்ட்டர் கல்லூரியில் 31 டாலர். முழுநேரமாக 12 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு 552 டாலர். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் கட்டணம் இதைப்போலப் பல மடங்கு. ஆகவே ரெசிடென்ஸி என்னும் இந்த ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய நாளோடு ஒரு வருடம் கலிஃபோர்னியாவில் வாழ்ந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்துக்கும் தடயம் காட்ட வேண்டும். மாநில வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் செல்லும். எச்-4 விசாவில் இருப்பவர்கள் இந்தத் தகுதியைப் பெற முடியும். பலருக்கு இது தெரியாமல், விசா என்றாலே அயல்நாட்டுக் கட்டணம்தான் என்று நினைத்துப் படிப்பையே தள்ளிப்போடுகிறார்கள். எச்-4இல் இருந்துகொண்டு படிக்கத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். வேலைக்குத்தான் அனுமதி அட்டை வேண்டும், வளாகத்துக்குள் பார்க்கும் வேலைக்கும் கூட.

குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களும் அடைக்கலம் பெற்றவர்களும் ஃபாஃப்சா என்னும் நிதி உதவி விண்ணப்பத்தை நிரப்பியே ஆக வேண்டும். "எங்களுக்கு வருமானம் அதிகம், எதுவும் வராது" என்று தாங்களாகவே முடிவுகட்டி விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வேலை போன வருடம், இரண்டு பிள்ளைகள், தனியாகக் குடும்பம் நடத்தும் தாய் என்று நிலைமை மாறும்போது கணக்கும் மாறும். திருமணமான மாணவிக்குப் பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது, 24 வயது ஆனவருக்கும் அப்படித்தான். கூட்டரசின் பெல் கிராண்ட் 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். ஆனால் ஊரில் பி.இ., பி.எஸ்சி. முடித்தவருக்குப் பெல் கிடையாது. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருப்பதாகக் கணக்கு, அதை மறைக்கவும் கூடாது. மாநிலத்தின் கால் கிராண்டுக்கு மார்ச் 2 கெடுவைத் தவறவிட்ட கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு செப்டம்பர் 2 என்று இன்னொரு வாய்ப்பு உண்டு.

யூனிட் கட்டணத்தையே முழுக்கத் தள்ளுபடி செய்யும் கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்டைத் தனியாகக் கேளுங்கள். வருமான வரம்புக்குள் வருபவருக்குக் கிடைக்கும். தொடர்ந்து இரண்டு பருவம் சராசரி 2.0க்குக் கீழே போனால் போய்விடும். ஏறக்குறைய இதே பெயரில், முதல் முறையாகக் கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவருக்கு முதல் இரண்டு வருடக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும் திட்டமும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், "எனக்கு இந்த இரண்டில் எது பொருந்தும்?" என்று நிதி உதவி அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வருமானம் குறைந்த குடும்பம், வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி என்றால் இஓபிஎஸ் அலுவலகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1969இல் சட்டம் போட்டுத் தொடங்கிய திட்டம், இன்றும் எனக்குத் தெரிந்து மாணவரைக் கைவிடாமல் கூடவே வருவது இதுதான். தனிக் கவுன்சிலர், புத்தகத்துக்குப் பணம், பதிவில் முன்னுரிமை எல்லாம் தருவார்கள். பருவத்துக்கு மூன்று முறை வந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி, அந்த விதிதான் பலரைக் கரையேற்றுகிறது. சேரும்போது முழுநேர மாணவராக இருக்க வேண்டும், 70 யூனிட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகப் படிக்கும் தாய்மாருக்கு இதற்குள்ளேயே கேர் என்று ஒரு பிரிவு உண்டு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

புத்தகம்

ஒரு பாடப்புத்தகம் 150 டாலரைத் தாண்டுவது சாதாரணம். வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளுக்குத் தனிக் குறி போட வேண்டும் என்று 2016இல் மாநிலம் சட்டம் செய்தது. ஒரே பாடத்தை நான்கு பேராசிரியர்கள் நடத்தினால் அந்தக் குறி உள்ள வகுப்பை முதலில் பாருங்கள். நூலகத்தில் ரிசர்வ் என்று ஒரு கவுண்டர் இருக்கும். பாடத்தின் பெயரையோ பேராசிரியர் பெயரையோ சொல்லி மாணவர் அட்டையைக் கொடுத்தால் புத்தகத்தை எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் இரண்டு மணி நேரம், நூலகத்துக்குள்ளேயே படிக்க வேண்டும். வீட்டுப்பாடக் கணக்குகளைப் படம் பிடித்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தேர்வு வாரத்தில் அந்தப் பிரதிக்கு வரிசை நிற்கும், காலையிலேயே போய்விடுங்கள். லேப்டாப், இணைய ஹாட்ஸ்பாட் போன்றவற்றைப் பருவம் முழுக்க இரவல் தருவதும் பல கல்லூரிகளில் நூலகம்தான்.

டியூட்டரிங்

2017இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, அடிப்படை ஆங்கிலம், அடிப்படைக் கணிதம் என்று வருடக்கணக்கில் கீழ்ப்படியில் உட்கார வைக்கும் வழக்கம் போய்விட்டது. ஹைஸ்கூல் மார்க்கை வைத்து நேராகப் பல்கலைக்கழகத் தரப் பாடத்திலேயே போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் முதல் கட்டுரையிலேயே மூச்சு முட்டும். அதற்காகத்தான் ரைட்டிங் சென்டர். எழுதி முடித்த கட்டுரையைத் திருத்தித் தர மாட்டார்கள். ஆனால் தலைப்புக்கான கேள்வியோடு போனால் எப்படித் தொடங்குவது, வாதத்தை எப்படி அடுக்குவது என்று உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். கெடுவுக்கு முந்தைய இரவு போகாமல் ஒரு வாரம் முன்னால் போங்கள். பணம் கிடையாது. கணிதம், வேதியியல், புரோகிராமிங் எல்லாவற்றுக்கும் டியூட்டர்கள் இருக்கிறார்கள். இரவில் படிப்பவருக்கு கேன்வாஸ் என்னும் பாடத் தளம் வழியாக ஆன்லைன் டியூட்டரிங்கும் பல கல்லூரிகளில் உண்டு. ஆங்கிலம் பேசத் தயங்கும் இல்லத்தரசிகளுக்கும் ஊரிலிருந்து வந்து இங்கே குடியேறியிருக்கும் பெரியவர்களுக்கும் நான்-கிரெடிட் வகுப்புகள் கட்டணம் இல்லாமலே நடக்கின்றன.

பேராசிரியரின் ஆஃபீஸ் அவர்ஸும் இதில் சேர்த்திதான். மூன்றாவது வாரத்தில் ஒரு சந்தேகத்தோடு போய் முகம் காட்டியவருக்கு, பன்னிரண்டாவது வாரத்தில் அவசரம் என்று எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் வேறு மாதிரி வரும்.

டிஎஸ்பிஎஸ்

இந்தப் பகுதியை நம்மவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து நின்று படியுங்கள்.

டிஎஸ்பிஎஸ் என்பது உடல், மன, கற்றல் சார்ந்த சிரமம் உள்ள மாணவர்களுக்கான அலுவலகம். கண் பார்வை, காது, சக்கர நாற்காலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா, ஆட்டிசம், மனச்சோர்வு, பதற்ற நோய், சர்க்கரை நோய், வலிப்பு எல்லாம் இதில் அடங்கும். கை முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருப்பவருக்கும் தற்காலிக உதவி உண்டு. தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், சத்தமில்லாத தனி அறை, வகுப்புக் குறிப்புக்கு உதவி, புத்தகத்தை ஒலி வடிவில் மாற்றித் தருவது போன்றவை கிடைக்கும்.

ஹைஸ்கூலில் ஐஇபி அல்லது 504 என்னும் சிறப்பு உதவித் திட்டம் இருந்த பிள்ளை, கல்லூரியிலும் அது தானாக வரும் என்று நினைத்துக்கொள்கிறது. வராது. ஹைஸ்கூலில் பள்ளிக்கூடம்தான் பிள்ளையைக் கண்டுபிடித்து உதவ வேண்டும் என்பது சட்டம், கல்லூரியிலோ மாணவர்தான் வந்து சொல்ல வேண்டும். பழைய ஐஇபி நகலையும் மருத்துவர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வகுப்புகள் தொடங்கும் முன்பே நேரம் வாங்குங்கள். அலுவலகம் ஒரு கடிதம் தயார் செய்யும். அதில் என்ன சலுகை என்று இருக்குமே தவிர என்ன நோய் என்று இருக்காது. பேராசிரியருக்கு நோயின் பெயர் தெரியாது, டிரான்ஸ்கிரிப்டிலும் எந்தக் குறியும் ஏறாது. ஒவ்வொரு பருவமும் அந்தக் கடிதத்தைப் புதிதாகக் கேட்டு அனுப்பவைப்பது மாணவர் பொறுப்பு. நடந்து முடிந்த தேர்வுக்குப் பின்னோக்கிச் சலுகை கிடைக்காது.

"நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது தெரிந்துவிடுமே" என்று தயங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பை மாணவரின் அனுமதியின்றிக் குடும்பத்துக்குக் கூடத் தர மாட்டார்கள். உதவி இல்லாமல் தோற்ற மூன்று பாடங்கள்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

உடம்பு, மனம், சாப்பாடு

பருவக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை கட்டியிருப்பீர்கள். நர்ஸைப் பார்ப்பதும் மனநல ஆலோசகரோடு சில அமர்வுகள் பேசுவதும் அதற்குள் அடக்கம், காப்பீடு கேட்க மாட்டார்கள். பாடத் திட்டம் போடும் கவுன்சிலர் வேறு, இவர் வேறு. தூக்கம் வரவில்லை, வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை, வீட்டில் அப்பாவோடு பேச்சு நின்றுவிட்டது என்று எதையும் சொல்லலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் 988 என்ற எண்ணுக்குப் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

2022 ஜூலை முதல் ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் பேசிக் நீட்ஸ் சென்டர் இருந்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். உணவுப் பொருள், அவசர வாடகை உதவி, கால்ஃபிரெஷ் உணவு உதவி விண்ணப்பத்துக்கு வழிகாட்டுதல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அரிசி, பருப்பு, பால், முட்டை, காய்கறி என்று உணவு அலமாரியில் இருப்பதை எடுத்துக்கொள்ள மாணவர் அட்டை போதும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் தேவையானது பெரும்பாலும் இருக்கும். குழந்தை காப்பகம், சலுகை பஸ் பாஸ், குடியேற்றச் சட்ட ஆலோசனை பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். சட்ட ஆலோசனை மாணவருக்கு இலவசம்.

எஃப்-1 மாணவர்கள்

உங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் அலுவலகம்தான் முக்கியம். 12 யூனிட்டுக்குக் கீழே போகக் கூடாது. அந்தப் பன்னிரண்டில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் வரும். உடம்பு சரியில்லை என்றோ பாடம் புரியவில்லை என்றோ டிராப் செய்ய நினைத்தால், கணினியில் பொத்தானை அழுத்தும் முன் அந்த அலுவலகத்தின் டிஎஸ்ஓ என்னும் அதிகாரியைப் போய்ப் பாருங்கள். நோய்க்கு மருத்துவர் கடிதத்தோடு குறைந்த யூனிட் எடுக்க அவர் அனுமதிக்க முடியும். அனுமதி வாங்காமல் டிராப் செய்தால் அன்றைக்கே விசா நிலை கெட்டுவிடும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. வீடு மாறினால் பத்து நாளுக்குள் சொல்லிவிட வேண்டும்.

எச்-4இல் வளர்ந்த பிள்ளைகளுக்கு 21 வயது முடியும்போது அந்த விசா முடிந்துவிடும். எஃப்-1க்கு மாறும் ஏற்பாட்டை 20 வயதிலேயே தொடங்குங்கள். எஃப்-1க்கு மாறினால் ரெசிடென்ஸி கட்டணம் கைநழுவும் என்பதையும் குடும்பச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபர் சென்டர்

யூசியின் ஆறு வளாகங்கள், டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், சொன்ன பாடங்களைச் சொன்ன மார்க்கில் முடித்தால் இடம் உறுதி என்று எழுதித் தருகின்றன. இதற்கு டேக் என்று பெயர். ஆறில் ஒன்றுக்குத்தான் போட முடியும், எல்லா மேஜருக்கும் கிடைக்காது. இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் விண்ணப்பம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இந்த ஏற்பாட்டில் இல்லை, அவற்றுக்குப் பொது விண்ணப்பத்தில் தனியாகப் போட வேண்டும். அதை நவம்பர் இறுதிக்குள் முடித்துவிடுங்கள். கால் ஸ்டேட் போக நினைப்பவர்கள் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டத்தை முடித்தால் அந்த அமைப்பில் ஓர் இடம் உறுதி. ஆனால் கேட்ட வளாகமே கிடைக்கும் என்று இல்லை.

டிரான்ஸ்ஃபர் சென்டரில் விண்ணப்பக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வரவழைத்து நேரில் பேச வைப்பார்கள். அனுமதிக் கடிதம் வந்த பிறகும் அங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்ந்தவர்களுக்குப் பொதுப் பாடங்களின் தொகுப்பு கால்-கெட்சி, அதற்கு முன் சேர்ந்தவர்களில் பலருக்கு ஐகெட்சி. அதை முடித்துவிட்டதற்கான சான்று தானாகப் போகாது. கடைசிப் பருவத்தின் கிரேடுகள் ஏறியதும், இறுதி டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தச் சான்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு கல்லூரிகளில் படித்திருந்தால் இரண்டிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும், கோடையில் எடுத்த ஒரே ஒரு வகுப்பாக இருந்தாலும்.